பார்த்தியா, நினைச்சியா

அவளால் ஓரிடத்தில் உட்கார முடியாது. வகுப்பில் பெஞ்சில் இருந்தால் முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். கூட உட்கார்ந்திருக்கும் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஆடுவோம். பேராசிரியர் பலகைப் பக்கம் திரும்பினால் போதும், எழுந்து ஜன்னல் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவாள். என்ன பார்த்தாய் என்று கேட்டால், "அணிலு. எறங்கி வந்துச்சு. பாதில ஏறிடிச்சு" என்பாள். ஏன் ஏறியது என்று கேட்டால், "அத்த நான் பாக்கல" என்பாள்.

தாம்பரத்தில் நாங்கள் எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்தோம். இரண்டாம் ஆண்டில் விலங்குகளின் நடத்தையும் அதன் பரிணாமமும் என்று ஒரு விருப்பப் பாடம். மதிப்பெண் சுலபமாக வரும் என்று யாரோ சொன்னதை நம்பி நான் சேர்ந்தேன். அவள் எதற்குச் சேர்ந்தாள் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நேரான பதில் கிடைத்திருக்காது.

முதல் வாரம் பேராசிரியர் ஒரு வீடியோ போட்டுக் காட்டினார். சோபா கிழிந்து கிடக்கிறது. வீட்டுக்காரர் திட்டத் திட்ட நாய் தலையைத் தாழ்த்தி, காதை மடக்கி, கடைக்கண்ணால் பார்க்கிறது. இது என்ன என்றார். குற்ற உணர்ச்சி என்று வகுப்பே சொன்னது. அவள் எழுந்து நின்றாள்.

"சார், எங்க வூட்ல ஒரு நாய் கீது. ஒரு நாள் பூனை பாலைக் கொட்டிடிச்சு. நான் பாத்துகினுதான் இருந்தேன். எங்கம்மா உள்ளேர்ந்து வந்து நாயைத் திட்டுனாங்க. அதுவும் இப்டியேதான் நின்னுச்சு."

"அப்ப இது குற்ற உணர்ச்சி இல்லையா?"

"அது தெரியாது சார். திட்டுனா இப்டி நிக்கும். அவ்ளோதான் பாத்தேன்."

பின்பெஞ்சில் சிரிப்பு. 'கீது' என்றதற்காகச் சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை. ஆய்வுத் திட்டத்துக்கு இரண்டிரண்டு பேராகப் பிரித்தபோது என்னை அவளோடு சேர்த்துவிட்டார்.

அவள் பெருங்களத்தூர்ப் பக்கம். ஊரே அவர்களுடையதாக இருந்த காலத்தில் ஏரிக்குக் கீழே நெல் விளைந்த நிலம் இருந்திருக்கிறது. அதில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. நிலத்தைக் கொடுத்ததற்கு அவள் அப்பாவுக்கு அங்கே நான்கு வீடுகள் வந்தன; வாடகைக்கு விட்டிருந்தார். நான் கீழ்க்கட்டளை. அப்பா அம்மா இருவரும் அலுவலகம் போகிறவர்கள். என் பேச்சில் பாதி இங்கிலீஷ் இருக்கும். இது பின்னால் ஒரு விஷயத்தில் முக்கியமாகப் போகிறது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

ஏரிக்கரைச் சாலையில், அந்தக் குடியிருப்பின் மதிலை ஒட்டி வாழ்ந்த தெருநாய்க் கூட்டத்தை எடுத்துக்கொண்டோம். ஒன்பது நாய்கள். பெயர் வைக்கக்கூடாது, நம்பர்தான் என்றாள். நான் மனசுக்குள் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துவிட்டேன். அவள் கைக்கடிகாரம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 'பீப்' என்னும். அந்த நொடியில் எந்த நாய் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று எழுத வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். அவள் மதிலின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டிருப்பாள்.

நான் எழுதியதை வாங்கிப் பார்ப்பாள். 'மூன்று கோபமாக இருக்கிறது' என்று எழுதியிருப்பேன்.

"பாத்தியா, நெனச்சியா?"

"பாத்தேன். கோபமா இருந்துச்சு."

"இன்னா பாத்த?"

"பல்லைக் காட்டிச்சு. முதுகு முடி நின்னுச்சு."

"அத்த எழுது."

இந்தக் கேள்வியை அவள் நாய்களோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பஸ் வேண்டுமென்றே நிற்காமல் போகிறது என்றால், பாத்தியா நெனச்சியா. அந்தப் பையன் என்னையே பார்க்கிறான் என்றால், பாத்தியா நெனச்சியா. அவளோடு இருக்கும்போது எனக்கு எப்போதும் ஒரு படபடப்பு இருக்கும். என் வாயிலிருந்து வருவதில் பாதி வெறும் ஊகம் என்று அவள் பக்கத்தில் இருக்கும்போதுதான் தெரிந்தது. அது அப்படியொன்றும் இனிமையான அனுபவம் இல்லை.

ஒரு மிருகம் ஏன் ஒன்றைச் செய்கிறது என்பதற்கு நான்கு விதமாகப் பதில் சொல்லலாம் என்று வகுப்பில் படித்தோம். உடம்புக்குள் எது தூண்டுகிறது, வளரும்போது எப்படிப் பழகியது, பிழைப்பதற்கு அதனால் என்ன பயன், முன்னோர்களிடமிருந்து எப்படி மாறி வந்தது. நாலும் நாலு பதில், ஒன்றை இன்னொன்று அழிக்காது. அன்று சாயங்காலம் பெருங்களத்தூர் நிறுத்தத்தில் நின்றுகொண்டு அவள் விரல் விட்டுச் சொன்னாள்.

"எங்கப்பா ஏன் கத்துறாரு? ஒண்ணு, பிரஷர். ரெண்டு, எங்க தாத்தா கத்துனாரு, பாத்து வளந்தாரு. மூணு, கத்துனாதான் வாடகைக்கு இருக்கறவங்க மோட்டரை நிறுத்துறாங்க. நாலு, எங்க வம்சமே மடைத் தண்ணிக்குக் கத்துன வம்சம். இப்ப மடையும் இல்ல, தண்ணியும் இல்ல. கத்துறது மட்டும் கீது."

சிரித்து முடித்தபின் பார்த்தால் அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. அப்பாவைப் பற்றிப் பேசும்போது அவள் குரல் ஒரு படி இறங்கிவிடும். அவருக்கு ஒரே பெண். கல்லூரிக்குப் படிக்க அனுப்பியதற்குச் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சண்டை போட்டவர் அவர்தான்.

இரண்டாம் நம்பர் குட்டி போட்டிருந்த சமயம். மதிலோரம் மாதக்கணக்காக நகராமல் நின்ற ஒரு காரின் அடியில் நான்கு குட்டிகள். ஒரு காலை, குடியிருப்பில் இருக்கும் பெரியவர் ஒருவர் நடைப்பயிற்சிக்கு வந்தார். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர். கையில் எப்போதும் ஒரு குச்சி வைத்திருப்பார். அவள் மதிலோரம் நடந்துகொண்டிருந்தாள். நான் எதிர்ப்பக்கக் கடையில் டீ வாங்கிக்கொண்டிருந்தேன். குட்டி வீலென்று கத்தியது. திரும்பிப் பார்த்தேன். இரண்டாம் நம்பர் அவர் காலைக் கவ்வியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டம் போட்டார்கள். கீழ்த்தளத்துக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். பாதிப் பேர் நாய்களுக்குச் சோறு வைப்பவர்கள், பாதிப் பேர் நாயே கூடாது என்பவர்கள். தினமும் அங்கே நின்று எழுதுகிறவர்கள் என்பதால் எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். காலில் கட்டோடு பெரியவர் முன்வரிசையில் இருந்தார். மொத்த நாய்க் கூட்டத்தையும் பிடித்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று யாரோ சொன்னார். எழுந்துவிட்டேன்.

"சார், ஐ வாஸ் தேர். அவர் குச்சியால அடிச்சார். அதான் கடிச்சுது. அது ஒரு மதர். டிஃபெண்ட் பண்ணிக்கிச்சு."

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு. பெரியவர் திரும்பி என்னைப் பார்த்தார். பக்கத்திலிருந்து அவள் எழுந்தாள்.

"அவரு அடிக்கல. குச்சி கீழதான் இருந்துச்சு. கார் பக்கத்துல ரெண்டடி வந்துட்டாரு. அடில குட்டி இருந்தது அவருக்குத் தெரியாது. குட்டி கத்துச்சு, அது வந்து கடிச்சிச்சு. மாநகராட்சி வண்டி வந்து தாயையும் குட்டியையும் ஒண்ணா எடுத்துகினு போய் ஊசி போட்டுக் கொண்டாந்து வுட்டா சரியாப் பூடும்."

இரண்டாவது மாடியில் இருக்கும் ஒரு பெண், நாய்களுக்குத் தினமும் சோறு வைப்பவள், நிதானமாகக் கேட்டாள்: "உங்க அப்பாதானே நாயால வாடகைக்கு ஆள் வர மாட்டேங்குதுன்னு கத்திட்டு இருக்கார்? நீ வேற எப்படிப் பேசுவ?"

கூட்டம் அவளை விட்டுவிட்டு என்னை நம்பியது. நான் பேசிய தமிழும் இங்கிலீஷும் அவர்களுடையது மாதிரி இருந்தன. அவள் பேசியது, அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி மோட்டரை நிறுத்தச் சொல்லும் ஒருவரின் தமிழ் மாதிரி இருந்தது. நாய்களை யாரும் தொடக்கூடாது, பெரியவர் இனிமேல் குச்சி கொண்டு வரவேண்டாம் என்று முடிவானது.

வெளியே வந்ததும் அவள் கேட்பாள் என்று தெரியும். கேட்டாள்.

"பாத்தியா, நெனச்சியா?"

"நாய்ங்களைக் காப்பாத்தத்தான் சொன்னேன்."

"அத்த கேக்கல."

பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு விடிகாலையில் போன் செய்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் மதிலோரம் நின்று எழுதிக்கொண்டிருந்தாள். ஆறு நாய்கள் செத்துக் கிடந்தன. ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது, வாயில் நுரை உண்டா, கால் எப்படி விறைத்திருக்கிறது என்று எழுதினாள். இரண்டாம் நம்பர் காருக்கு நாலு அடி முன்னால் கிடந்தது. குட்டிகளிடம் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. நான் சாலையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

கடிகாரம் 'பீப்' என்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். நாலாம் நம்பர், கிழட்டுப் பெட்டை, காருக்கு அடியில் போய்ப் படுத்திருந்தது. குட்டிகள் அதன் வயிற்றில் முட்டிக்கொண்டிருந்தன. அதற்குப் பால் இருக்க வழியில்லை.

"பாரேன், அம்மா மாதிரி" என்றேன்.

"நாலு எழுந்து போவல" என்றாள். எழுதினாள். பிறகு பேனாவைப் பிடித்தபடியே, "கண்ணுல தண்ணி வருது. ஏன்னு தெரியல" என்றாள். வானிலை சொல்வது போலத்தான் சொன்னாள்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர் அந்த நாலாம் நம்பரைப் பற்றித்தான் அவளைக் கேட்டார். அடுத்தவர் குட்டியைப் பார்த்துக்கொள்வதில் பரிணாமத்துக்கு என்ன லாபம்? ரத்த உறவாக இருக்கலாம், கூட்டம் பெருகினால் அதற்கும் நல்லது என்பதாக இருக்கலாம், வெறும் குழப்பமாகவும் இருக்கலாம், எது என்று பார்த்ததை வைத்துச் சொல்ல முடியாது என்றாள். ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள் என்று அவர் இரண்டு முறை சொல்லியும் சொல்லவில்லை. என்னைவிட அவளுக்கு மதிப்பெண் குறைவு. இப்போது அவள் எங்கோ மலைக்காட்டில் குரங்குகளின் பின்னால் நடந்துகொண்டிருக்கிறாள். நான் பள்ளியில் பாடம் எடுக்கிறேன்.

நாய்கள் செத்த அன்று மத்தியானமே காவல் நிலையத்துக்குப் போனோம். யாரையாவது சந்தேகப்படுகிறீர்களா என்று எஸ்.ஐ. கேட்டார். இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

"நேத்து சாயங்காலம் ஆறு பொட்டலம் மதில் ஓரமா வெச்சாரு ஒருத்தரு. நான் பாத்தேன்" என்றாள்.

"யாரு?"

"எங்கப்பா."

எஸ்.ஐ. பேனாவைக் கீழே வைத்தார். "அப்பா மேலயே கம்ப்ளைன்ட்டா?"

"பேரு கேட்டீங்க சார். பாத்தத சொன்னேன்."

"சரி, விஷம் வெச்சார்னு எழுது. அப்பதான் நிக்கும்."

"பொட்டலம் வெச்சத பாத்தேன். உள்ள இன்னா இருந்துச்சுன்னு பாக்கல."

அப்படியே எழுதிக் கொடுத்தாள். அவர் அதை ஒரு கோப்பில் செருகி வைத்துக்கொண்டார். அன்று இரவு அவளுக்கு வீட்டில் இடமில்லை என்றார்கள். கீழ்க்கட்டளைக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மூன்று வாரம் இருந்தாள். அம்மா தோசை வார்க்கும்போது சமையலறைக்கும் கூடத்துக்கும் நடப்பாள். சேர்ந்து துணி உலர்த்த மாடிக்குப் போனால் நான் ஒரு கொடியை முடிப்பதற்குள் அவள் மொட்டை மாடியை இருபது முறை சுற்றியிருப்பாள். ஒரு மத்தியானம் அப்படிச் சுற்றிக்கொண்டிருந்தவள் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்றாள்.

"அன்னிக்குப் பொட்டலம் வெச்சாரே, சோறு வெக்கிறாருன்னு நெனச்சேன்."

நான் துணியைப் பிடித்தபடி நின்றேன்.

"மனசு மாறிட்டாருன்னு நெனச்சேன். சந்தோசமா இருந்துச்சு. கிட்ட போய்ப் பாத்திருக்கலாம். பத்தடிதான். போவல."

மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் அவ்வளவு நாளும் எதையும் ஊகித்து நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை, அதுவும் அப்பா நல்லவர் என்று நினைத்துவிட்டாள். அவளைத் தேற்ற வார்த்தை தேடினேன். தேடிக் கிடைத்ததெல்லாம் என் பொய்யில் போய் முடிந்தது. அந்தக் கூட்டத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மாநகராட்சி வண்டி வந்திருக்கும். அவள் அப்பாவுக்குப் பொட்டலம் கட்டும் வேலை இருந்திருக்காது.

ஒரு ஞாயிறு காலை அவள் அப்பா ஸ்கூட்டரில் வந்தார். கையில் அவள் துணிகள் இருந்த பை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அம்மா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். கத்துகிறவர் என்றே கேட்டிருந்த எனக்கு அவர் குரல் அவ்வளவு சின்னதாக இருந்தது ஆச்சரியமாக இருந்தது.

"ஸ்டேஷன்ல கூப்ட்டு அவ எழுதினத படிச்சுக் காட்டுனாங்கம்மா" என்று என் அம்மாவிடம் சொன்னார். "பொட்டலத்த பாத்தேன், மருந்த பாக்கலன்னு எழுதிகிறா. பாத்தேன்னு எழுதியிருந்தா நான் மாட்டியிருப்பேன். இன்னாதான் இருந்தாலும் எம்மேல பாசம்."

அவள் ஜன்னல் பக்கம் நின்றிருந்தாள். "பாசத்துல எழுதலப்பா. பாக்கல. அதான் எழுதல."

அம்மா கொடுத்த தண்ணீரை அவர் முழுக்கக் குடித்தார். டம்ளரை உடனே கீழே வைக்கவில்லை.

"கலந்துதான் வெச்சேன். நானே பெசஞ்சேன்."

"குட்டிங்க கீறது தெரியுமா?"

"தெரியும்."

அவள் கிட்டே வந்தாள்.

"இத்தையும் எழுதணும்பா."

அவர் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். பையை அங்கேயே விட்டுவிட்டு எழுந்தார்.

"வண்டில ஏறு."

"எங்க?"

"ஸ்டேஷனுக்குத்தான். நீ எழுது. நான் கையெழுத்து போடுறேன்."

அவர் ஓட்ட, அவள் பின்னால் உட்கார்ந்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு போனாள். வழக்கு நடந்தது, அபராதம் கட்டினார். வீட்டில் முன்னைவிடக் குறைவாகக் கத்துகிறார் என்று பின்னால் சொன்னாள். வாரத்துக்கு எத்தனை தடவை என்றும் சொன்னாள்.

அவர்கள் வண்டி தெருமுனை திரும்பியதும் எனக்கு வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. பல்லாவரம் போய், அங்கிருந்து ரயிலில் பெருங்களத்தூர். அந்தக் குடியிருப்பில் பெரியவர் வீட்டு மணியை அடித்தேன். அவர்தான் திறந்தார்.

"சார், அன்னிக்கு நீங்க அடிச்சதை நான் பார்க்கல. பார்க்காம சொல்லிட்டேன்."

"அடிச்சிருந்தா எனக்குத் தெரியாதாம்மா?" என்றார். கோபமில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. "லிஃப்ட்ல நான் ஏறினா ரெண்டாவது மாடிப் பொண்ணு இறங்கிடறா. நாயைக் கொன்னதும் நான்தான்னு ஒரு பேச்சு ஓடிச்சு. என் பேத்தி போன்ல கேக்கறா, நீ நாயை அடிச்சியா தாத்தான்னு."

"உங்க அபார்ட்மெண்ட் வாட்ஸ்ஆப் குரூப்ல மெசேஜ் போடச் சொல்றேன் சார்."

"அதை யார் படிப்பா? கூட்டத்துல சொன்னதைக் கூட்டத்துல சொல்லு."

அடுத்த ஞாயிறு குடியிருப்போர் கூட்டத்துக்குப் போனேன். அவளும் வந்தாள். அதே கூடம், அதே நாற்காலிகள். நான் எழுந்து நின்று, எதையும் பார்க்கவில்லை, டீக்கடைப் பக்கம் திரும்பி நின்றிருந்தேன், அவர் அடித்தார் என்று நானாகச் சொன்னேன், அவள் சொன்னதுதான் நடந்தது என்றேன். இந்தத் தடவை இங்கிலீஷ் வரவில்லை. சிலர் போனிலிருந்து நிமிர்ந்தார்கள், சிலர் நிமிரவில்லை. சங்கச் செயலாளர், "சரிம்மா, நோட் பண்ணிக்கறோம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் லாரி விஷயத்துக்குப் போனார்.

கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்தபோது இரண்டாவது மாடிப் பெண் லிஃப்டுக்குள் போய், கதவு மூடாமல் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியவரைப் பார்த்து, "வாங்க அங்கிள்" என்றாள். அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படிக்கட்டில் ஏற ஆரம்பித்தார். கடிபட்ட காலை முதலில் வைத்து, மற்றதை இழுத்து, ஒரு படி. மறுபடி ஒரு படி. லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. நானும் அவளும் கீழே நின்றபடி, அவர் திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.